இரட்டைக் கட்டணம்

பாக்பஜாரில் மூன்றாவது மாடி, தகரக் கூரை.
சுவரில் எழுபத்தேழு மாவட்டங்கள்.
ஹஸ்தா குளிக்கும்போதும் தலைமையகங்களை ஒப்பிப்பான்,
சோப்பு கையை விட்டு நழுவும்வரை.

புதன்கிழமை நாளிதழில் விளம்பரம் வந்தது.
நாயப் சுப்பா. பிளஸ் டூ போதும்.
பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும்.
ஆணுக்கு முப்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாது,
பெண்ணுக்கு நாற்பது.
என்னை எழுப்பி, அந்த இரண்டு வரிகளை மட்டும்
இரண்டு தடவை வாசித்தான்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் அசார் ஐந்து.
அவன் சான்றிதழில் பிறந்த நாள் அசார் மூன்று.
மற்ற வருடங்களில் ஜேட்டிலேயே வந்துவிடும் விளம்பரம்.
இந்த வருடம் ஏனோ பிந்திவிட்டது.
இரண்டு நாள்.
காய்ச்சல் என்றால்கூட
இரண்டு நாளில் இறங்கிவிடும்.

உண்மையில் அவனுக்கு முப்பத்துமூன்றுதான்.
பதினாறு வயதில் தோஹா போகப் புறப்பட்டபோது
தரகன் ஒருவன்
இரண்டு வருடத்தை வயதோடு சேர்த்துக்கொடுத்தான்.
எட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டான்.
உயரமான கண்ணாடிக் கட்டடங்களின் வெளிப்புறத்தைக்
கயிற்றில் தொங்கித் துடைக்க
வளர்ந்த ஆளாக இருக்க வேண்டும் அல்லவா.
ஆறு வருடம் துடைத்தான்.
திரும்பி வந்து, மீசை வைத்துக்கொண்டு,
பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு
பத்தாம் வகுப்பு எழுதினான்.

குடியுரிமைச் சான்று, பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல்:
எல்லாக் காகிதமும் ஒற்றுமையாக
ஒரே பொய்யைச் சொல்லின.
உண்மைக்குச் சாட்சி அவன் அம்மா மட்டும்.
அவளிடம் தேதி இல்லை.
"பெரிய மண்சரிவுக்கு அடுத்த சோளம்" என்றாள் தொலைபேசியில்.
மாவட்ட அலுவலகத்தில் இதைச் சொன்னோம்.
அந்த மனிதர் நல்லவர்தான், சிரிக்கவில்லை.
சோளத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
அவருக்கும் தெரியவில்லை.

கடைசி நாள் தாண்டினால் ஒரு வாரம் அவகாசம் உண்டு,
இரட்டைக் கட்டணம் செலுத்த வேண்டும்.
வயது தாண்டினால் அப்படி ஒன்றும் இல்லை.
இருந்திருந்தால் கட்டியிருப்பான்,
நாலு மடங்கானாலும்.

பிறகு என் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தான்.
நான் கேட்கவில்லை.
ஜுனா கர்த்தி என்று
ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.
புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று
என் முடியை அவனே ஒதுக்கிவிட்டான்.
தாத்தா பெயர். தந்தை பெயர்.
கணவன் பெயர் என்ற கட்டம் வந்ததும்
சற்று நேரம் சாளரத்துக்கு வெளியே பார்த்தான்,
அங்கே அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தவிர
வேறொன்றும் இல்லை.
ஹஸ்தபகதூர் புன்.
அந்த வருடம் லோக்சேவாவின் கணினியில்
அவன் பெயர் ஏறியது அந்த ஓர் இடத்தில்தான்.

நான் கணக்கில் மந்தம்.
இந்த வேலை எனக்கு வேண்டும் என்று
அவனளவுக்கு நான் பசித்ததும் இல்லை.
ஆனாலும் எனக்கு இன்னும் ஏழு வருடம் கையில் இருக்கிறது.
அதில் இரண்டைக் கணவன் பேருக்கு மாற்ற
விதிப் புத்தகத்தைப் பின்னட்டைவரை புரட்டினேன்.
அரிசியைக் கடன் கொடுக்கலாம்,
ரத்தத்தைக்கூடக் கொடுக்கலாம்.

தேர்வன்று மழை.
கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை.
அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
வாசல் கம்பிக்கு வெளியே நின்றான்,
அவனைப் போல இன்னும் நாற்பது ஐம்பது பேர்,
யார் யாருடைய கைப்பேசிகளோ
அவர்கள் மார்பில் அவ்வப்போது ஒளிர்ந்தன.

வெளியே வந்ததும் முதலில் கேட்டான்:
"ருகும் கிழக்கு வந்ததா?"
அவன் பிறந்த மாவட்டம்.
வந்தது என்றேன்.
எந்த எழுத்தைப் போட்டேன் என்று
நானும் சொல்லவில்லை,
குடையை விரித்தபடி
அவனும் கேட்கவில்லை.